டொல்மெச்சரும் போப்பாண்டவரின் கிணறும்

உலகத்தில் யார் சொன்னதும் யாருக்கும் உள்ளபடி போய்ச் சேரக் கூடாது என்பதில் டொல்மெச்சரைப் போல உறுதியாக இருந்த மனிதரை நான் கண்டதில்லை. அவர் பார்த்த வேலை மொழிபெயர்ப்பு.

டொல்மெச்சர் என்றால் ஜெர்மன் மொழியில் மொழிபெயர்ப்பாளர் என்று அர்த்தம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொலோனில் இருந்த தமிழர்களுக்கு அவரை அந்தப் பெயரில்தான் தெரியும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைத் தபால்காரர்தான் அறிவார். சம்பளம் வாங்கியது ஒரு ரொட்டித் தொழிற்சாலையில். வேலை முடிந்ததும் மாவு படிந்த அங்கியைக் கழற்றிவிட்டு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, யாருக்காவது அரச அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், இருக்கிறதா என்று விசாரித்தபடி வருவார். கூப்பிட்டாலும் வருவார். கூப்பிடாவிட்டால் கட்டாயம் வருவார்.

நாட்டுத் தலைவர்கள் சந்திக்கும்போது அவர்களுக்குப் பின்னால் ஒருவர் குனிந்து நின்று காதுக்குள் பேசுவதை அவர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து தானும் பேசுபவரின் இடது தோளுக்கு அரை அடி பின்னால்தான் நிற்பார்.

“மொழிபெயர்க்கிறவன் ஒரு ஆளே இல்லைப் பிள்ளை. வெறும் குரல்” என்று என்னிடம் சொல்லிவிட்டு இரண்டு நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்காருவார்.

வெறும் குரல் என்பதால், யாருக்காகப் பேசுகிறாரோ அவராகவே மாறி ‘நான்’ என்றுதான் தொடங்குவார். ஒருமுறை வீட்டுக்கு விண்ணப்பித்த அக்கா ஒருவருடன் போய், அதிகாரியின் முன் நிமிர்ந்து நின்று, “நான் ஏழு மாதக் கர்ப்பிணி. என்னால் நாலாம் மாடிக்கு ஏற முடியாது” என்று ஜெர்மனில் முழங்கினார். அதிகாரி அவருடைய மீசையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கீழ்த்தள வீடு ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டார். வீடு இரண்டு பேரில் யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

என் வீட்டிலும் அவர் கைவரிசை நடந்திருக்கிறது. நான் அப்போது அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். கருவாடு பொரித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேல் வீட்டு ஜெர்மன் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த டொல்மெச்சர் உடனே எழுந்து என் இடது தோளுக்குப் பின்னால் போய் நின்றார்.

“உவவின்ர நாய் நாறுறதை விடவோ எண்டு கேளுங்கோ” என்றேன் நான், கோபத்தில்.

டொல்மெச்சர் பேசினார். நீளமாகப் பேசினார். மறுநாள் அந்த அம்மா ஒரு ஆப்பிள் கேக்கோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாய் மட்டும் அதன் பிறகு என்னைக் கண்டால் வாலை ஆட்டும்.

ஆனால் அவருடைய திறமையின் உச்சம் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்ததுதான்.

மரியநாயகம் அண்ணையும் அவர் மனைவி ரஞ்சி அக்காவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே பேச்சை நிறுத்தியிருந்தார்கள். காரணம் சாரதிப் பரீட்சை. மரியநாயகம் அண்ணை மூன்றாம் தடவையும் தவறிய அதே வாரத்தில் ரஞ்சி அக்கா முதல் தடவையிலேயே சித்தியடைந்தார். “பொம்பிளை ஓடுற காரில நான் ஏறமாட்டன்” என்றார் அண்ணை. “அப்ப நடவுங்கோ” என்றார் அக்கா. அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. அண்ணை மழையிலும் பனியிலும் நடந்து போய் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். அக்கா பக்கத்து இருக்கை காலியாகக் காரில் போனார்.

அந்தக் கோடையில் கொலோனிலிருந்து ரோமுக்கு ஒரு யாத்திரை பஸ் புறப்பட்டது. அகதிகளுக்குரிய பயணப் பத்திரம் கையில் கிடைத்திருந்த கத்தோலிக்கர்கள், ஊர் பார்க்கலாம் என்று ஒட்டிக்கொண்ட சைவர்கள் எல்லாரும் ஏறினோம். மரியநாயகம் அண்ணை சாரதிக்குப் பின்னால் முதல் வரிசையில் இருந்தார். ரஞ்சி அக்கா கடைசி வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆல்ப்ஸ் மலை வந்தபோது சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

“நேர்த்திக்கடன் ஒண்டு இருக்கு, அதுக்காக வாறன் பிள்ளை. திரும்பினவுடன பாரிசில அக்காவிட்டப் போறன். பெட்டி கட்டி வைச்சாச்சு.”

“அண்ணைக்குத் தெரியுமோ?”

“ஆர் சொல்லுறது?”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

டொல்மெச்சருக்குப் பாரிஸ் விஷயம் தெரியாது. அவர் பஸ்ஸின் நடைபாதையில் முன்னும் பின்னுமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த மனுசன்ர குறட்டை இஞ்ச வரைக்கும் கேக்குது எண்டு சொல்லுங்கோ” என்பார் அக்கா. டொல்மெச்சர் முன்னால் போய், “நல்லா நித்திரை கொண்டனீங்களோ எண்டு அக்கா விசாரிக்கிறா” என்பார். “அவவின்ர வாய் ஓய்ஞ்சாத்தானே நித்திரை வரும்” என்று அண்ணை சீறுவார். டொல்மெச்சர் பின்னால் வந்து, “உங்கட சத்தம் கேக்காமல் அண்ணைக்கு நித்திரை சரியில்லையாம்” என்பார்.

இதில் விசேஷம் என்னவென்றால், பஸ் ஒன்றும் பெரிதில்லை. அவர் சொன்னது இவருக்கும் இவர் சொன்னது அவருக்கும் காதில் தெளிவாக விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் டொல்மெச்சர் வந்து சேரும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அவர் கொண்டு வருவதைத்தான் பதிலாக ஏற்றுக்கொண்டார்கள்.

ரோமுக்கு முன்னால் ஓர்வியேத்தோவில் இறங்கினோம். சுற்றிவரச் செங்குத்தாக வெட்டிவிட்டது போன்ற ஒரு பாறை. அதன் தலையில் ஒரு பழைய ஊர். கயிற்று ரயிலில் மேலே ஏறியதும் பாவுலா என்ற இத்தாலிய வழிகாட்டிப் பெண் கையில் மஞ்சள் கொடியோடு நின்றாள். தகப்பன் ஸ்டுட்கார்ட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போனவர் என்பதால் அவளுக்கு ஜெர்மன் வரும். எங்களில் பாதிப் பேருக்கு வராது. டொல்மெச்சர் கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டு அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் போய் நின்றார். பாவுலா இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு பழகிக்கொண்டாள்.

கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட பேராலயத்தின் முன் நின்று, முகப்புச் சிற்பங்களைப் பற்றி அவள் கைகளை விரித்து நெடுநேரம் பேசினாள். முடித்ததும் டொல்மெச்சர் எங்களைப் பார்த்தார்.

“வடிவாயிருக்காம்.”

“அவ்வளவோ?”

“கட்டி முடிய நூற்றுக்கணக்கான வருசம் சென்றதாம். அன்ட்ராக் போட்டுட்டுக் காத்துக்கொண்டு இருந்திருக்கினம்.”

டொல்மெச்சர் ஜெர்மன் கற்றது முழுவதும் அரச அலுவலகங்களில். அதனால் எந்தக் காலத்துச் சரித்திரமும் அவர் வாயில் அன்ட்ராக் என்கிற விண்ணப்பமாகவும் டெர்மினாகவும்தான் வெளியே வரும். நாங்கள் தலையாட்டினோம். நூற்றுக்கணக்கான வருடம் காத்திருப்பது எங்களுக்கு நம்ப முடியாத விஷயமாக இல்லை.

பிறகு சந்துகளில் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், பாறையின் விளிம்பில் இருந்த ஒரு கிணற்றடியில் நிறுத்தினாள். பாவுலா ஒரு வசனம் சொன்னாள். டொல்மெச்சர் பத்து வசனம் சொன்னார்.

“முந்தி ஒரு போப்பாண்டவர் இருந்தவர். ரோமுக்குள்ள படை பூந்து ஊரையே எரிச்சுப்போட்டுது. அவர் வேலைக்காரன்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஒருத்தருக்கும் தெரியாமல் வெளிக்கிட்டு, இந்த மலைக்கு மேல ஏறி வந்து தஞ்சம் கேட்டவர்.”

காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நெருங்கி வந்தது.

“ஏஜென்சியாலயோ வந்தவர்?” என்று மரியநாயகம் அண்ணை கேட்டார்.

காசுக்கு ஆட்களை எல்லை கடத்தி விடுகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். டொல்மெச்சர் அதை ஜெர்மனில் கேட்டார். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய போப்பாண்டவர் பயணச்சீட்டு முகவரிடம் போனாரா என்ற கேள்வியாகத்தான் அது பாவுலாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

“சரியாத் தெரியாதாம்.”

“தலைமாத்தியோ?” இது இன்னொருவர். வேறு ஆளின் பாஸ்போர்ட்டில் தன் படத்தை ஒட்டி வருவதற்கு எங்கள் ஊர்ப் பெயர் அது.

“அந்த நாளில படம் இல்லை. ஆள்மாறாட்டம் மட்டும்தான்.”

“பிறகு?”

“கொஞ்சக் காலம் இஞ்ச இருந்தவர். இஞ்சயும் வந்து சுத்தி வளைச்சால் தண்ணிக்கு என்ன செய்யிறது எண்டு பயந்து இந்தக் கிணத்தை வெட்டச் சொன்னவர். பிறகு நாட்டுக்குத் திரும்பிட்டார்.”

“தானாப் போனவரோ, பிடிச்சு அனுப்பினவங்களோ?” என்று கேட்டார் ரஞ்சி அக்கா. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். தன் வாழ்நாளில் இவ்வளவு கவனமாகக் கேட்ட சுற்றுலாப் பயணிகளைக் கண்டதில்லை என்று பாவுலா பிறகு எங்கள் பஸ் சாரதியிடம் சொன்னாளாம்.

அந்தக் கிணறு சாதாரணக் கிணறு இல்லை. நடுவில் ஆழமான குழியாகக் கிடங்கு, அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரண்டு சுழல் படிக்கட்டுகள். ஒன்றால் இறங்கி, அடியில் சின்னப் பாலத்தைக் கடந்து, மற்றதால் ஏறி வர வேண்டும். தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. படிக்கட்டுகளின் சுவர் நெடுக, கிடங்கைப் பார்த்தபடி சன்னல்கள். பாவுலா விளக்கியதை டொல்மெச்சர் முதல் தடவையாக ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்:

“இறங்கிறவையும் ஏறுறவையும் ஆளையாள் யன்னலுக்குள்ளால காணலாம். ஆனால் சேர ஏலாது.”

கூட்டம் முழுவதும் மரியநாயகம் அண்ணையையும் ரஞ்சி அக்காவையும் பார்த்தது.

அக்காவும் நானும் பாவுலாவோடு முதலில் இறங்கினோம். இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. ஏறும்போது பாதிவழியில் அக்கா நின்றுவிட்டார். முகம் வெளிறி வியர்த்திருந்தது. ஈரச் சுவரும் அரை இருட்டும் சேர்ந்து மூச்சை அடைத்தன. “என்னால ஏலாது பிள்ளை” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவுலா வெகுமேலே போய்விட்டாள். நான் அவரைத் தாங்கிப் பிடித்துச் சன்னலோரம் சாய்த்தேன்.

கிடங்குக்கு அந்தப் பக்கம், நேர் எதிர்ச் சன்னலில், அப்போதுதான் சிகரெட்டை முடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்த மரியநாயகம் அண்ணையின் தலை தெரிந்தது. அவருடைய இடது தோளுக்குப் பின்னால் கழுத்துப்பட்டி.

அக்கா இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டார். “டொல்மெச்சர்! எனக்கு ஏலாமல் கிடக்கு. அவரிட்டச் சொல்லுங்கோ!”

கிணறு அதைப் பல தடவை திருப்பிச் சொன்னது. அண்ணை விறைத்துப்போய் நின்றார். கேட்டிருந்தும், வழக்கம்போல, டொல்மெச்சரின் பக்கம் திரும்பினார்.

டொல்மெச்சர் சன்னலில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிறகு தெளிவாக, சத்தமாகச் சொன்னார்:

“மன்னிக்கோணும். எனக்குத் தமிழ் தெரியாது.”

எனக்கு அவரை அங்கிருந்தே அடிக்கலாம் போல இருந்தது.

“இஞ்சேருங்கோ!” என்று அக்கா அண்ணையை நேராகப் பார்த்துக் கத்தினார். “இஞ்சேருங்கோ, எனக்குப் பயமாயிருக்கு!”

“வாறன், வாறனப்பா! அசையாதேங்கோ!”

அண்ணை ஓடினார். கழுதைக்கென்று கட்டிய படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். சன்னலுக்குச் சன்னல் அவர் தலை தோன்றித் தோன்றி மறைந்தது. அடியில் பாலத்தில் அவருடைய சப்பாத்துச் சத்தம் தடதடத்தது. பிறகு எங்கள் பக்கத்தில் ஏறி, அக்காவைவிட மோசமாக இரைத்துக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் விழுந்தார். இனி யார் யாரைத் தூக்குவது என்று எனக்குக் கவலை வந்தது. அண்ணை அக்காவின் செருப்பைக் கழற்றித் தன் சட்டைப் பைகளுக்குள் செருகினார். கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சன்னலிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்கள். நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன்.

“பெட்டி கட்டி வைச்சிருக்கிறன்” என்று அக்கா சொன்னது கேட்டது.

“கண்டனான்.”

“கண்டும் கேக்கேல்லையே?”

“என்னெண்டு கேக்கிறது எண்டு தெரியேல்லையப்பா.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்காத தூரத்துக்குப் பின்தங்கிவிட்டேன்.

வெளியே பாவுலா பதறிக்கொண்டு நின்றாள். இருவரும் கைபிடித்து வெளிச்சத்துக்கு வந்ததும், என்ன பேசினார்கள் என்று எங்களுக்குப் பின்னால் ஏறி வந்த டொல்மெச்சரிடம் கேட்டாள். மொழிபெயர்க்கத் தேவையில்லாத விஷயம் என்று அவர் ஜெர்மனில் சொன்னார்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு டொல்மெச்சர் வந்தார். முன்வரிசையில் அண்ணையும் அக்காவும் புனித நகரம் வரும்வரை நேரடியாகச் சண்டை பிடித்தார்கள். பாரிசுக்கு யாரும் போகவில்லை.

“எப்பிடி அப்பிடிச் சொல்ல மனம் வந்தது உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“அவ சொன்னதில மாத்திறதுக்கு ஒண்டும் இருக்கேல்லைப் பிள்ளை” என்றார். பிறகு கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டுத் தூங்கிப்போனார். குறட்டை பஸ் முழுவதும் கேட்டது.

காலப்போக்கில் எல்லாரும் ஜெர்மன் பழகிவிட்டோம். பிள்ளைகள் எங்களைத் திருத்தவும் தொடங்கிவிட்டார்கள். டொல்மெச்சரைக் கூப்பிடுவது குறைந்தது. அவர் கூப்பிடாமலே சில காலம் வந்தார். பிறகு அவரும் இல்லாமல் போனார்.

சென்ற மாதம் ஒரு மருத்துவர் எனக்கு எதிரே அமர்ந்து, என் அறிக்கையைப் பார்த்து, நல்ல தெளிவான ஜெர்மனில் மூன்று வசனம் சொன்னார். மூன்றும் எனக்கு நன்றாகவே விளங்கின. விளங்கிய பிறகும், என் இடது தோளுக்குப் பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன்.