பூட்டி வைத்த டிஸ்க்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நெஞ்சில் போட்ட தையல் ஆறி, மாடிப்படி ஏறத் தொடங்கியிருப்பாய் என்று நம்புகிறேன். அண்ணியை மிகவும் விசாரித்ததாகச் சொல். இங்கு நானும் உன் மாப்பிள்ளையும் நலம். வீட்டில் நலமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றியதே இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லத் தைரியம் வரவில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

அம்மா கடைசியாகப் பேசிய பதிவு இருந்த ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது.

நீ ஊர் வந்து சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள்; அதற்கு மறுவாரம் மாமா அதை என் கையில் கொடுத்தது உனக்கும் தெரியும். “பெரியவனுக்கு ஏதாவது சொல்லு அக்கான்னு ரெக்கார்டரை ஓட விட்டுட்டு ஆஸ்பத்திரி ரூமை விட்டு வெளிய வந்துட்டேன். பதினெட்டு நிமிஷம் பேசியிருக்கா, இந்த டிஸ்க்ல ஏத்தி வெச்சிருக்கேன். நான் கேக்கல. நீயும் கேக்காதே. அது அவனுக்கு” என்றார். நீயோ, “இப்ப என்னால கேக்க முடியாதும்மா, பத்திரமா வெச்சிரு” என்றாய். வைத்தேன். பன்னிரண்டு வருடம். பழைய ஸ்வெட்டரில் சுற்றி, பீரோவுக்குள் இருக்கும் சின்ன அறையில் பூட்டி வைத்தேன். மூன்று முறை வீடு மாறியபோதும் லாரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒருமுறைகூடக் கம்ப்யூட்டரில் மாட்டியதில்லை. எல்லோரும் அதை என் பொறுப்பு என்று நினைத்தார்கள். பொறுப்பெல்லாம் இல்லை, அண்ணா. மாட்டினால் கேட்டுவிடுவேன் என்ற பயம். ஏழு மாதம் மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, திட்டு வாங்கியவள் நான். பதினெட்டு நிமிடம் உனக்கு. எனக்கு அரை நிமிடம்கூட இல்லை. அந்த ஆத்திரத்தில் என் கையை நானே நம்பவில்லை.

போன வாரம் நீ, “இனிமே தள்ளிப்போட முடியாதும்மா, ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போகும்போது அம்மா குரலைத்தான் நினைச்சேன், அனுப்பி வை” என்றதும் அன்றே மாட்டினேன். சின்ன விளக்கு எரிந்தது. டிக், டிக் என்று இரண்டு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. உன் மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? “ஆற வெச்சா சரியாயிடும்னு இன்டர்நெட்ல போட்டிருக்கான்” என்று ஃப்ரீஸரில், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியே எடுத்தபோது வேர்த்துக் கொட்டியது. பிறகு கரண்டிக் காம்பால் தட்டினார். “தட்டாதீங்க, அது அம்மா” என்று நான் கத்த, “உங்கம்மா உசுரோட இருந்தப்பவே என் பேச்சைக் கேட்டதில்ல, இப்பவாவது கேக்கட்டும்” என்கிறார்.

ரிப்பேர்க் கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “கடைசியா எப்பக்கா ஓட்டினீங்க?” என்றார்.

“ஒரு தடவைகூட இல்ல. அவ்வளவு பத்திரமா வெச்சிருந்தேன்.”

“அதான் கொன்னிருக்கு. உள்ள ஒரு தட்டு சுத்தும்க்கா. அது மேல, படாம, முள் பறக்கும். வருஷக்கணக்கா சும்மா கிடந்தா மோட்டார்ல இருக்கிற எண்ணெய் இறுகிடும், முள் தட்டோடயே ஒட்டிக்கும்.”

“அப்ப தினமும் ஓட்டியிருக்கணுமா?”

“தினமும் ஓட்டினா தேஞ்சு போயிருக்கும். எப்படியும் அஞ்சாறு வருஷத்து உசுருதான்.”

“அப்ப என்னதான்யா பண்றது?”

“உசுரோட இருக்கிறப்பவே காப்பி எடுத்து வெக்கிறது. ஆமா, ஃப்ரீஸர்ல வெச்சீங்களா?”

உன் மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க ஆரம்பித்தார்.

டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறதாம், அங்கே அனுப்பியிருக்கிறார். “ஆசை வெச்சுக்காதீங்கக்கா” என்றும் சொல்லிவிட்டார். எனக்கும் ஆசையில்லை. அன்றைக்கே நானும் கேட்டுத் தொலைத்திருந்தால், ஒரு காப்பியாவது எடுத்திருப்பேன். திருட்டுத்தனமாகவாவது அம்மா பிழைத்திருப்பாள். என் யோக்கியம்தான் அவளை ஒட்டிப்போக வைத்தது. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடு. தினமும் கொஞ்சம் நட, சும்மாவே உட்கார்ந்திருக்காதே. உன் குடும்பம் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் பொருட்படுத்தாதே. கடைக்காரர் கூப்பிட்டார். முள்ளை விடுவித்துவிட்டார்களாம், பதினெட்டு நிமிடமும் முழுசாக வந்துவிட்டது. சரிபார்ப்பதற்காகக் கடையிலேயே ஓட்டினார். காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமென்று தோன்றவில்லை, கேட்டுவிட்டேன். முதலில் கொஞ்ச நேரம் அம்மாவின் மூச்சு மட்டும். பிறகு நர்ஸிடம், “இது எதுக்கும்மா? அவன்தான் கிளம்பி வந்துட்டிருக்கானே, நேர்லயே பேசிக்கிறேன். இதை அணைச்சிடு” என்கிறாள். “எந்த பட்டன்மா?” என்கிறாள் அந்தப் பெண். மீதி நேரம் முழுக்க இருவரும் பட்டனைத் தேடுகிறார்கள். அம்மா அவளை நன்றாகத் திட்டுகிறாள். என்னைத் திட்டுவாளே, அதே மாதிரி. இரண்டு காப்பி எடுத்து வாங்கிக்கொண்டேன். தபாலில் அனுப்ப மாட்டேன், அண்ணா. டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்னதும் வந்து கேள். நானும் பக்கத்தில் இருக்கிறேன்.