டெஸ்பினா அம்மையாருக்கு நான் அளித்த வரவேற்பு

போடிநாயக்கனூர்,
16.9.2025

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை பால்சாமி அவர்களுக்கு, முத்துக்கண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் மானம் ஒன்றைத் தவிர அனைவரும் நலம். அங்கு தங்கள் நலமும், என் தங்கை பொன்னுமணியின் நலமும், தங்கள் பதிப்பகத்தின் நலமும் அறிய அவா. கைப்பேசியில் தாங்கள் பலமுறை அழைத்தும் நான் எடுக்கவில்லை. வாயால் சொல்லும் துணிவு இல்லாததால் எழுதுகிறேன்.

டெஸ்பினா லுண்ட்மார்க் அம்மையாரின் நாவலை மூன்றாண்டு உழைத்து ஆங்கில வழியாக நான் தமிழாக்கியதும், ஒப்புதல் கையெழுத்து இடுமுன் அவர் என்னை நேரில் பார்க்க விரும்பியதும் தாங்கள் அறிந்தவை. ஒன்பது வயதில் கிரேக்க நாட்டின் மலையூர் ஒன்றிலிருந்து தாயோடு ஸ்வீடனுக்குப் போனவர். தாய் அங்கே ரொட்டிக்கடையில் ஏலக்காய் இடித்துப் போட்ட மாவைப் பிசைந்து இவரை வளர்த்தார். இவரோ ஸ்வீடிஷ் மொழியில் நாவல்கள் எழுதி, கிரேக்கக் கவிதைகளையும் அம்மொழிக்குக் கொண்டுபோனார். அந்த ஏலக்காய் விளையும் மலையையும் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தார். ‘மொழிபெயர்ப்பாளருக்குத் திறமை குறைந்தால் பொறுப்பேன், பொய் சொன்னால் பொறுக்கமாட்டேன்’ என்று அவர் எழுதிய மின்னஞ்சலை எனக்கு அனுப்பிய தாங்கள், அதன் கீழே ‘மச்சான், அந்த விசயத்துல உங்கள நம்பி உசுரையே குடுக்கலாம்’ என்று குறித்திருந்தீர்கள். மூன்று நாளாக அந்த வரியை என்னால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

எங்கள் வாசகர் வட்டத்துக்குச் செயலாளன் என்ற முறையில் விதிமுறைகள் எழுதியவன் நான். அறிவித்த நேரத்தில் கூட்டம் தொடங்க வேண்டும், எவருக்காகவும் காத்திருக்கலாகாது என்பது ஒன்பதாம் விதி. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஏலக்காய் மூட்டைகளைச் சேமிக்கும் கிட்டங்கியை அடுத்த கூடத்தில் அம்மையாருக்கு வரவேற்பு. காலையில் ஏலமலையைப் பார்த்துவிட்டு அவர் இறங்கி வந்த ஜீப், போடிமெட்டுக்குக் கீழே வளைவொன்றில் லோடு லாரி குறுக்கே நின்றுவிட்டதால் மாட்டிக்கொண்டது. மணி நான்கு ஆயிற்று. நிகழ்ச்சி நிரலில் முதலாவது குத்துவிளக்கு ஏற்றுதல், இரண்டாவது விருந்தினருக்கு மாலை அணிவித்தல். விருந்தினர் இல்லை. ஆனால் அவருக்குப் பரிசளிக்க நான் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்த அவருடைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. அதை மேசைமேல் நிறுத்தி, விளக்கை ஏற்றி, மாலையை அதற்குப் போட்டேன். விதியைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமிதமும் கொண்டேன், மாப்பிள்ளை. மாலை போட்ட படத்துக்கு நம் பக்கத்தில் என்ன பொருள் என்பது, ஐம்பது வயதில், இரண்டு முதுகலைப் பட்டங்களோடு, இருபத்தைந்து ஆண்டு ஆங்கில ஆசிரியனாக இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

கிட்டங்கியில் காய் தரம்பிரித்துவிட்டு வெளியே வந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “எந்தச் சீமை ஆத்தாளோ, நல்ல களையான மொகம்.” “மலையப் பாக்க வந்த எடத்துலயா இப்பிடி ஆச்சு?” “அதான் சாரு பேயறஞ்ச மாதிரி நிக்கிறாரு.” ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். இலக்கியக் கூட்டத்துக்கு இத்தனை பேரா என்று மகிழ்ந்து நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர்களில் மூத்தவரான வேலுத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாருக்கு ரொம்ப வேண்டியவகளா?” என்றார். “ஆமாம், மூன்று வருடப் பழக்கம்” என்று உள்ளதைச் சொன்னேன். அவ்வளவுதான். படத்தின் முன் உட்கார்ந்து,

“ஏழு மல தாண்டி வந்த என் ராசாத்தி – நீ
எங்க வாசல் மிதிக்காமப் போனதென்ன ராசாத்தி”

என்று எடுத்துவிட்டார். மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் எங்கள் வட்டத் தலைவர் வீரையா, ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர், தாமதமாக உள்ளே நுழைந்தார். “ஏப்பா முத்துக்கண்ணா, எப்ப ஆச்சு? ஒரு போனு போடக் கூடாதா?” என்று கண்ணைத் துடைத்தவர், நேரே ஒலிவாங்கியைப் பிடித்து ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்துவிட்டார். தலைவர் பேசும்போது செயலாளர் குறுக்கிடலாகாது என்பது பதினோராம் விதி. அதையும் எழுதியவன் நானே.

எழுந்து நின்றோம். அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. வளைவுகளில் தலைசுற்றி, முகம் வெளுத்து, முன்னெச்சரிக்கையாக ஒரு பாலித்தீன் பையைக் கையில் பிடித்தபடி டெஸ்பினா அம்மையார் படியேறி வந்தார். என் கைக்கடிகாரத்தில் இன்னும் இருபத்திரண்டு விநாடிகள் மீதமிருந்தன. மாப்பிள்ளை, அந்த இருபத்திரண்டு விநாடிகளையும் நான் தலைகுனிந்து நின்று முடித்தேன். ஏன் நிற்கிறோம் என்று தெரியாமலே அவரும் நின்றார்.

வேலுத்தாய்தான் முதலில் நிமிர்ந்தார். “அடியாத்தீ! படத்துல இருக்குறவக வாசல்ல நிக்கிறாகடி!” இரண்டு பெண்கள் பின்கதவு வழியாக ஓடினார்கள். வீரையா ஒலிவாங்கியை அணைக்காமலே, “ஏப்பா, இவுக யாரு? செத்தவகளுக்குத் தங்கச்சியா?” என்றது தெருமுனை வரை கேட்டது.

இதுவரை நடந்தது மடமை. இனி எழுதுவது குற்றம். அவர்கள் பாடுவது ஜீப்பில் வரும்போதே காதில் விழுந்தது, என்ன பாட்டு என்று அம்மையார் ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். ஒரே ஒரு காற்புள்ளிக்காகத் தங்களோடு இரண்டு வாரம் சண்டையிட்ட நான், “எங்கள் பெண்களின் வரவேற்புப் பாட்டு” என்றேன். எழுதித் தரச் சொன்னார். ‘ஏழு மலை தாண்டி வந்த அரசியே, உன் காலடி பட்டு எங்கள் வாசல் பூத்தது’ என்று தொடங்கி, அங்கேயே நின்று எட்டு வரிகளைப் புளுகி ஆங்கிலத்தில் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேலுத்தாயின் கைகளை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். “என்ன சாரே சொல்லுது அந்தம்மா?” “பாட்டு பிடித்திருக்கிறதாம்.” “செத்ததுக்கு அழுதது புடிச்சிருக்காமா! என்னா மனசுடா சாமி!” அம்மையார் அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஊர் போய் ஸ்வீடிஷில் ஆக்கி ஓர் இதழில் வெளியிடப்போவதாகச் சொன்னார். அதன்பின் நான் நன்றியுரையும் ஆற்றினேன். நிரலில் இருந்தது.

ஆகவே, தாங்கள் அம்மையாருக்கு உண்மையை எழுதி, அந்த எட்டு வரிகள் அச்சேறாமல் தடுத்து, நாவலைத் தகுதியுள்ள வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். முகப்பில் என் பெயரை நானே அடித்துவிட்டேன், அளவுகோல் வைத்து. தங்கைக்கு என் அன்பு. மருமகப்பிள்ளைகளுக்கு என் ஆசி, அதை வழங்கும் யோக்கியதை எனக்கு மிச்சமிருப்பதாகத் தாங்கள் கருதினால்.

தலை நிமிராத,
முத்துக்கண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அம்மையாரின் மின்னஞ்சல் வந்தது. ‘என் தந்தை இறந்தபோது எங்கள் மலையூர்ப் பெண்கள் இப்படித்தான் மாரில் அடித்துக்கொண்டு பாடினார்கள். கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்நிய ஊரில் எனக்காக அழ இத்தனை பேர் இருந்தார்களே என்றுதான் கலங்கினேன். நீங்கள் தந்த எட்டு வரிகள் பொய்; அதைவிட மோசம், அவை நல்ல கவிதையும் அல்ல. இதழில் வெளியிடுவேன் என்றது, நீங்களாகவே உண்மையைச் சொல்வீர்களா என்று பார்க்கத்தான். இந்த ஒரு பொய்யை மட்டும் பொறுத்துக்கொள்கிறேன்; மெய்யான பாட்டை முழுவதுமாக அனுப்புங்கள். வந்த அன்றே கையெழுத்திடுகிறேன்.’ எனவே மேலே எழுதியவற்றைத் தள்ளுபடி செய்து, முகப்பில் என் பெயரைத் திரும்ப எழுதிக்கொள்ளவும். உடனே ஓடிப்போய், பாட்டை முழுவதுமாக ஒருமுறை பாடச் சொல்லி வேலுத்தாயிடம் கேட்டேன். “அய்யய்யோ, உசுரோட இருக்குறவகளுக்கு ஒருக்காப் பாடுனதுக்கே மூணு நாளா வெரதம் கெடக்குறேன் சாரே. எழவு விழாம அந்தப் பாட்டு வாயில வராது. எங்கயாச்சும் விழுந்தா ஆளனுப்புங்க, வெரசா வந்துர்றேன்” என்று கதவைச் சாத்திவிட்டார். தங்கள் பெரியப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டதாகச் சென்ற வாரம் தங்கை சொன்னாள். அவர் நூறாண்டு வாழ வேண்டும். இருந்தாலும், இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதவும். கேட்கவே கூசுகிறது.