அந்தோனிமுத்து வழி கேட்கமாட்டார்

வழி கேட்காதவர் என்று ஓர் இனம் உண்டு. தெரியாத ஊரில், தெரியாத சந்தியில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாமே கட்டிய ஊரைப் பார்வையிட வந்தவர்போல ஒருவர் நிற்பார் பாருங்கள், அவர்தான். பக்கத்தில் கடை இருக்கும். கடைக்காரர் சும்மாதான் இருப்பார். இவர் கேட்கமாட்டார். பெயர்ப் பலகைகளை வாசிப்பார். பெரும்பாலும் ஆண்கள், எழுதுகிறவனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டுப் பதுளை அந்தோனிமுத்து இந்த இனத்தில் முதல்தரம். பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எல்லோரும் அவரிடம் கேட்டார்கள். அவர் யாரிடமும் கேட்டதில்லை. அந்தப் பழக்கம் பென்சனோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

போன வருடம் அவரும் மனைவி மதலேனாவும் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டார்கள். மதலேனாவுக்கு, மன்னிக்க வேண்டும், மாதா இரண்டாவதுதான். முதலில் அக்கா. நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன், தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் கப்பலேறிப் போய்க் கோத்தகிரியில் குடியேறிய செபமாலை அக்கா. விஜயவாடாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிற வழியில் அவள் சென்னை சென்ட்ரலில் ரயில் மாறுகிறாள். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே காத்திருப்பாள். நாற்பத்திரண்டு வருடத்துக்கு இரண்டு மணித்தியாலம்.

விமான நிலையத்திலிருந்து சென்னை நகரத்துக்குப் போகும் ரயிலைப் பற்றி அந்தோனிமுத்து பதினொரு வீடியோ பார்த்திருந்தார். சலூனிலும், பூசை முடிந்து கோயில் வாசலிலும், ஒரு தரம் மரண வீட்டிலும் அதை விளக்கினார். கடைக்குச் சேலை வாங்க வருடத்துக்கு நாலு தரம் சென்னைக்குப் போய்வரும் பதுளை வியாபாரி நௌபர் மட்டும், "சென்ட்ரல்ல எறங்கிருங்க கிளாக்கரய்யா, அதுக்கங்கால போயிராதீங்க" என்றார்.

"நமக்கே சொல்றீங்களா?" என்று சிரித்தார் அந்தோனிமுத்து. இந்தியாவில் போன் வேலை செய்ய ஏதாவது ஏற்பாடு செய்யலாமா என்று மதலேனா கேட்டதற்கும் அதே சிரிப்பு. "நேரா ஏறி நேரா எறங்கப் போறோம். போன் எதுக்கு?"

நேராகத்தான் ஏறினார்கள். பெட்டி குளுகுளுவென்று இருந்தது. ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் ரயிலே தமிழில் சொன்னது. சொன்னதற்கெல்லாம் அந்தோனிமுத்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரித் தலையாட்டினார். பத்தரை மணிக்கு சென்ட்ரல் வந்தது. பெட்டியில் பாதிப்பேர் எழுந்தார்கள். மதலேனாவும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஏங்க, சென்ட்ரல்னு சொல்லுதுங்க."

"சும்மா உக்காரு. சென்ட்ரல்னா நடுன்னு அர்த்தம். இது நடு ஸ்டேசன். அக்கா நிக்கிற பெரிய ஸ்டேசன் லைன் முடியிற எடத்துலதான் இருக்கும். நம்ம பதுளை ஸ்டேசன் எங்க இருக்கு?"

கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதையில் பதுளை கடைசியில்தான் இருக்கிறது. அதை மறுக்க அவளால் முடியவில்லை. கதவு மூடியது.

அடுத்த நிலையத்திலேயே அந்தோனிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. இதை நன்றாகக் கவனியுங்கள், இந்த இனத்தின் முழு இலட்சணமும் இங்கேதான் இருக்கிறது. பெட்டி காலியாகிக்கொண்டு வந்தது. நௌபரின் முகம் வந்து போனது. அப்போதே இறங்கித் திரும்பியிருந்தால் பத்து நிமிடத்தோடு போயிருக்கும். ஆனால் இறங்கினால் தப்பு என்றாகிவிடுமே? இறங்காதவரைக்கும் அது பயணந்தானே? மண்ணடி போனது. வண்ணாரப்பேட்டை போனது. ரயில் தரைக்கு மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தது. அவர் வெளியே பார்த்து, "நல்ல அபிவிருத்தி" என்றார்.

எதிரே இருந்த பெண், "எங்கய்யா போகணும்?" என்று கேட்டாள்.

"இந்தா, இங்கதான்" என்றார் அந்தோனிமுத்து.

கடைசி நிலையமான விம்கோ நகர் டிப்போவில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நகரத்தின் நடு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. மதலேனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே அந்தப் பெண்ணிடம் போனாள்.

"சென்ட்ரலுக்குப் போகணும்மா. எங்க அக்கா காத்துக்கிட்டு இருக்கா. இவரு கேக்கமாட்டாரு, நான் கேக்குறேன்."

அதற்குப் பிறகு அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். மேடையில் நின்ற காவலாளியிடம், திரும்பி வந்த ரயிலில் ஒரு கல்லூரிப் பெண்ணிடம், சென்ட்ரலில் பெருக்குகிறவரிடம், போலீஸ்காரரிடம், போர்ட்டரிடம். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் சேர்த்து வைத்த கேள்விகள் எல்லாம் அன்றுதான் வெளியே வந்தன. பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடிய அந்தோனிமுத்து ஒன்றைக் கண்டார்: கேட்ட யாரும் அவளைக் கேவலமாகப் பார்க்கவில்லை. போர்ட்டர் கூடவே வந்து விஜயவாடா ரயிலின் மேடையைக் காட்டினார்.

மணி பதினொன்று நாற்பத்திரண்டு. தூணோரம் இரும்பு பெஞ்சில், மடியில் பையோடு, தலை நரைத்த ஒருத்தி எழுந்து நின்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கையால் தடவிப் பார்த்தார்கள்.

"ஏன்டி இவ்வளவு நேரம்? நீ வரல்லைன்னே நெனச்சேன்."

"பிளேன் லேட்டுக்கா" என்றாள் மதலேனா.

திட்டியிருந்தால் அந்தோனிமுத்து தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"இல்ல மதினி. பிளேன் நேரத்துக்குத்தான் வந்துச்சு. ஸ்டேசன் தெரியாம நான்தான் தாண்டிப் போயிட்டேன். தெரிஞ்ச பொறகும் எறங்கல்ல."

செபமாலை அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்து, "என் வீட்டுக்காரரும் இப்பிடித்தான் இருந்தாரு" என்றாள். மிச்சம் இருந்த பதினைந்து நிமிடத்தில் அக்காளும் தங்கையும் பாதி நேரம் சிரித்தே தீர்த்தார்கள். மீதி நேரம் அழுதார்கள்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். ரொம்ப நல்லது. எதற்கும் வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இதைப் போய் அவர்களிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறதா?