சேறு போன லாரி

வெங்கடரமணன் சார் மெக்கானிக் ஞானதாசுக்குத் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பான்.

"ஞாயித்துக்கிழமை பத்ரி வந்து வண்டிக்கு அடியில இருக்கற சேத்தைப் பார்க்கட்டும். மறுநிமிஷம் பணம்," என்றார்.

அந்தச் சேறுதான் இல்லை. அரை மணி முன்னால் ஞானதாஸ் அதைக் கழுவிவிட்டிருந்தான்.

லஸ் கடைத்தெருவுக்குப் பின்னால், அவர் வீட்டுக் கொட்டகையில் நின்றது யுத்தகாலத்து லாரி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ரகம். ராணுவம் ஏலத்தில் தள்ளிய பிறகு எத்தனையோ கை மாறி வந்தது. அது பர்மா எல்லை வரை போன வண்டி என்று பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் சாதித்துக்கொண்டிருந்தார். காகிதம் ஒன்றும் கிடையாது. அடியில் இறுகிக் கிடந்த சேறுதான் சாட்சி. கல்லூரியில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்திய நண்பர் பத்ரிநாராயணன் அதைச் சோதிப்பதாக ஏற்பாடு.

"எதையும் மாத்தாதே," என்று சொல்லித்தான் வேலை கொடுத்திருந்தார். அவனும் மாற்றவில்லை. துருப்பிடித்த முன் அச்சை மல்லாந்து கிடந்து இளக்கினான். முடித்ததும் எந்த ஷெட்டிலும் செய்வதைச் செய்தான். கெரசின் போட்டு அடிப்பாகத்தைத் தேய்த்து, தண்ணீர் அடித்தான். அழுக்கோடு வண்டியை ஒப்படைப்பது தொழிலுக்கே கேவலம். கழுவுவதும் மாற்றுவதுதான் என்று யார் கண்டது?

சாரின் மனைவி நீரஜா மாமி காபி கொண்டுவந்தபோது பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சாருக்கு முட்டி மடங்காது. குனிந்து பார்க்க வழியில்லை. அது ஒன்றுதான் ஆண்டவர் செய்த உபகாரம்.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் வாடகை பாக்கி வராவிட்டால் சாமான் தெருவில் கிடக்கும் என்று வீட்டுச் சொந்தக்காரி ஆரோக்கியமேரி சொல்லியிருந்தாள்.

"இன்னாய்யா, துட்டு குட்த்தாரா?" என்றாள் பெண்சாதி பியாட்ரிஸ்.

"சேறு இருந்தா குடுப்பாராம்."

"சேறுதான? நம்ம வாசல்ல கீது, வாரிக்கினு போ."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். அவன் வாரிக்கொண்டு போனான். சாக்கடைச் சேறு, நாறியது. வெயில் ஏறியதும் காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்தது.

மறுநாள் போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையைக் குழைத்து அப்பினான். நன்றாகப் பிடித்தது. மத்தியானம் தெருமாடு ஒன்று லாரிக்கு அடியில் தலையை விட்டு நக்க ஆரம்பித்தது. விரட்டினால் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"மாடெல்லாம் ஏண்டா கீழே தலையை விட்டுண்டு நிக்கறது?"

"நெழலுக்கு சார்."

"தலைக்கு மட்டுமா நிழல்?"

"மத்ததுக்கு எடம் பத்தல சார்."

சனிக்கிழமை கடலோரத்து ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போய், ஆற்று முகத்துவாரத்துக் களிமண்ணை மூட்டை கட்டி வந்தான். சிமெண்டு மாதிரி பிடித்துக்கொண்டது. மாடும் சீண்டவில்லை. அன்றுதான் அவனுக்குச் சோறு இறங்கியது.

ஞாயிறு காலை பத்ரிநாராயணன் பாய் விரித்து லாரிக்கு அடியில் படுத்து, ஸ்பூனால் சுரண்டினார்.

"வெங்கட்டு, சிப்பி இருக்குடா."

"பர்மா எல்லையில ஏதுடா சிப்பி?"

"கப்பல்லேந்து கடற்கரையில எறக்கியிருக்கா. இது பெரிய விஷயம். கல்கத்தாவுக்கு அனுப்பணும். ரிப்போர்ட் வர மூணு மாசமாவது ஆகும்."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஞானதாஸ், ரிப்போர்ட் வரட்டும். பணத்தோட மாலையும் போடறேன்."

மாலையை வைத்துக்கொண்டு தெருவில் என்ன செய்வது?

"மூணு மாசம்லாம் தாங்காது சார். அது கப்பல் மண்ணு இல்ல, குப்பத்து மண்ணு. நான்தான் அப்புனேன்."

"அப்போ பழைய சேறு?"

"காவாய்ல பூட்ச்சி சார்."

பத்ரிநாராயணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். கையிலிருந்த சிப்பியை எங்கே போடுவதென்று தெரியாமல் பையில் போட்டுக்கொண்டார்.

சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அம்பது வருஷத்து சரித்திரத்தைக் கெரசின் போட்டு அலம்பிட்டே. உனக்கு நான் ஒரு பைசா தர வேண்டியதில்லை. போ."

அவன் ஸ்பானர்களைப் பையில் அள்ளிக்கொண்டு நடந்தான். சாயங்காலம் சாமான்கள் தெருவில் இறங்கிவிடும். மகள் ரெனிட்டா பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளைக்கு என்னவென்று சொல்வது? சேறு என்றா?

கொல்லைக் கேட்டருகே நீரஜா மாமி நின்றிருந்தாள். ஒரு சுருக்குப்பையை அவன் கையில் திணித்தாள்.

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபது இருக்கு. என் சிறுவாடு. கணக்கு தீர்ந்தது, எடுத்துண்டு போ."

"வேணாம்மா. ஐயாவோட சரித்திரத்தையே கழுவி ஊத்திட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கினு வாங்குவேன்?"

மாமி வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அசடு, போன வருஷம் அவர் இந்த வண்டியோட பூர்வீகத்தைத் தேடிண்டு டெல்லி போயிருந்தப்போ, பூஜைக்குக் குங்குமம் வெக்கணுமேன்னு நானே அதை அடியோட அலம்பித் தள்ளிட்டேன், நீ கழுவினது நான் அப்பின எங்காத்துக் கொல்லை மண்ணு."