இரவல் நாற்காலி

ரெங்கம்மா கேட்டது ஒரே ஒரு நாற்காலி. அதற்குள், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருந்த அந்த லயம் பூராவும் கல்யாணப் பேச்சுக் கிளம்பிவிட்டது.

"பொண்ணு பாக்க வர்றாங்களாக்கும்?" என்றாள் பக்கத்துக் காம்பரா ஜெயலெட்சுமி, நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டு.

"எம் மகளுக்கு ஒம்பது வயசுடி!"

"அப்ப ரெண்டாவது நாற்காலி யாருக்கு?"

நியாயமான கேள்விதான். பதுளையில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஒரு காம்பராவுக்கு ஒரு நாற்காலி இருந்தாலே பெரிய விஷயம். இன்னொன்று இரவல் வாங்கினால் சம்பந்தம் பேச ஆள் வருகிறது என்றுதான் அர்த்தம். "வைத்தியத்துக்கு" என்றால் யார் நம்புவார்கள்? ரெங்கம்மா, "சும்மாதான்" என்றாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

விஷயம் இதுதான். அவள் புருஷன் இராசையா, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற அடுப்பைப் பார்ப்பவன். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சூடு எக்கச்சக்கமாக ஏறி, அன்றைய தேயிலை அத்தனையும் கருகிவிட்டது. "அசந்து தூங்கிட்டியே இராசையா!" என்றார் ஸ்டோரின் தலைவரான டீமேக்கர். துரை ஒரு தரம் திட்டிவிட்டு மறந்துபோனார். இராசையாவால்தான் மறக்க முடியவில்லை. 'எல்லாம் என்னாலதான், நான் எதுக்கும் லாயக்கில்ல' என்று புலம்பிப் புலம்பி, சோறு தண்ணி இறங்காமல் மூலையில் சுருண்டுவிட்டான். திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆளைப் போடப்போவதாக டீமேக்கர் சொல்லியனுப்பியிருந்தார். வேலை போனால் போகட்டும், மனுஷன் திரும்பி வந்தால் போதும் என்று ரெங்கம்மா சாமிக்கு நேர்ந்துகொண்டாள்.

பதுளைக்குப் புதிதாக வந்திருந்த, சீமையில் படித்த டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போனாள். அவர் மாத்திரையோடு இதையும் சொன்னார். "ரெண்டு நாற்காலிய எதிரெதிரா போடு. மனசுக்குள்ள ஒன்ன நீயே எப்படித் திட்டுறியோ, அத எதிர் நாற்காலியப் பாத்து வாய்விட்டுத் திட்டு. அப்புறம் அதுல மாறி ஒக்காந்து பதில் சொல்லு. பதில் வர்ற வரைக்கும் விடாத."

திட்டுவதில் இராசையாவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

"வெக்கங்கெட்டவனே! செய்யிறதையும் செஞ்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கியே! ஒனக்கு மனசாட்சி இருக்கா?"

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தக் காம்பராவில் தும்மினால் ஆறாவது காம்பராவில் 'நூறு' என்பார்கள். பத்து நிமிஷத்தில் ஜெயலெட்சுமி வாசலில் நின்றாள், மடியில் மூன்று முட்டையோடு.

"ஒங்க கோழி எங்க காம்பராவுலதான் முட்ட போடுதுண்ணே. சொல்லாம இருந்தது தப்புதான். அதுக்காக இப்படியா திட்டுறது?"

அவள் பின்னாலேயே முருகையா கங்காணி, போன தீபாவளிக்கு இரவல் வாங்கிய கோடரியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

"ஐயோ, இவங்களையும் நோகடிச்சிட்டேனே!" என்று இராசையா தலையில் அடித்துக்கொண்டான். திட்டுவதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

"மெதுவாத் திட்டுங்க" என்றாள் ரெங்கம்மா. மெதுவாகத் திட்டினான். புருஷன் பொண்டாட்டிக்குள் என்னமோ குசுகுசுவென்று பெரிய சண்டை என்று, கங்காணி பஞ்சாயத்துப் பேசத் திரும்பி வந்தார்.

கடைசியில் ரெங்கம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்கு லீவு, பின்பக்கம் ஈ காக்கா இருக்காது. ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு இருவரும் தேயிலைக்குள் இறங்கினார்கள்.

"மாப்பிள்ள வீடு ஸ்டோர்ப் பக்கமா?" என்று ஜெயலெட்சுமி லயத்திலிருந்து கத்தினாள்.

நாற்காலிகளைப் போட்டார்கள். ரெங்கம்மா தள்ளி நின்றுகொண்டாள். இராசையா தொண்டையைக் கனைத்தான்.

"ஏன்டா, சூடு ஏறுறது ஒனக்குத் தெரியாதா? ஒரு நாள் கொழுந்தக் கருக்கிட்டு, எப்படிடா ஒனக்கு சோறு எறங்குது?"

எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.

"என்னால முடியல புள்ள. எம் பக்கம் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாமயா இருபது வருஷம் அடுப்புக்கு முன்னாடி வெந்தீங்க? இன்னொரு தடவ கேளுங்க!" ரெங்கம்மாவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவன் பழைய இடத்துக்குப் போனான். ஒரு மாதத்து வேதனையெல்லாம் சேர்த்துக் கத்தினான்.

"சொல்லுடா! இப்பவாவது வாயத் தெறந்து உண்மையச் சொல்லு! சொல்லாம இன்னைக்கு ஒன்ன விடமாட்டேன்!"

ஸ்டோரின் பின்கதவு கிரீச்சென்று திறந்தது. லீவு நாளிலும் ஏதோ வேலையாக உள்ளே இருந்திருக்கிறார் டீமேக்கர். இராசையா எழுந்து நின்றான். தொலைந்தது, இருந்த வேலையும் போச்சு!

டீமேக்கரின் முகமெல்லாம் வியர்வை. விறுவிறுவென்று வந்தவர், எதிரே காலியாக இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். லயத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்ததை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை.

"நீயும் ஒக்காரு இராசையா" என்றார். நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குப் படத்துக்கு நேரமாச்சேன்னு, சீக்கிரம் காயட்டும்னு சூட்டக் கூட்டி வச்சிட்டுப் பதுளைக்கு ஓடுனது நான்தான்னு, தூங்கிக்கிட்டிருந்த ஒனக்கு யாருய்யா சொன்னது?"