கேட் சாரும் முதுகு காட்டிய கிளிகளும்

மனிதர்கள் வீடு கட்டுவதே முன்னால் ஒரு கேட் மாட்டத்தான் என்று நம்பிய ஒரே ஜீவன் எங்கள் கேட் சார். அவருடைய நிஜப் பெயர் எங்கோ சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். இலுப்பூர் ஆபீஸில் எவருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

புதுக்கோட்டையிலிருந்து நானும் அவரும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். ஜன்னல் சீட் அவருக்கு. சூரியன், மயில், தாமரை என்று வீட்டு வாசல் இரும்பு கேட்டுகளில் இருக்கும் டிசைன்களை ஒன்று விடாமல் பார்ப்பார். புதிதாக ஒன்று தட்டுப்பட்டால் போச்சு, "ஓல்டான்!" என்று கத்திவிட்டு நடுவழியில் இறங்கிவிடுவார். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார். மேனேஜரிடம் திட்டு வாங்குவதோ நான். அவருடைய டிபன் பாக்ஸ் என் மடியில் ஏறியல்லவா ஆபீஸ் வந்து சேரும்!

முன்பின் தெரியாத வீட்டு வாசலில் குத்தவைத்து போட்டோ எடுப்பவரை யார் சும்மா விடுவார்கள்? "யாருங்க? வரி ஏத்த வந்தீங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். "இல்லம்மா, ஒங்க தாமரைக்கு ஒரு எதழ் கூடுதலா இருக்கு, அதான் பாக்குறேன்" என்றார் இவர். அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நாயை அவிழ்த்துவிட்டார்.

ஒருமுறை ஆபீஸே வேன் பிடித்து ஆவுடையார்கோவில் போனோம். நாங்கள் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வெளியே வந்தால், மனிதர் எதிரே ஒரு டீக்கடையின் கம்பிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "கல்லைப் பாக்கத்தான் ஊரே வருதே தம்பி. பாவம், இதைப் பாக்க யாரு இருக்கா?" என்றார்.

இப்பேர்ப்பட்டவரை என் தங்கைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க அழைத்துப் போகலாமா? போனேனே! அப்பா இல்லாத வீடு, மாமா வந்தாலும் கூட வயதில் பெரியவர் ஒருவர் வேண்டும் என்றார் அம்மா. ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இந்தப் பையனைத் தங்கைக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதுதான் என் பயம்.

"சார், கும்பிட்டுக் கேக்குறேன். அந்த வீட்டு கேட்டை மட்டும் பாக்காதீங்க."

"சத்தியமா பாக்க மாட்டேம்ப்பா. தலையைக் குனிஞ்சுக்கிட்டே வாரேன்."

சொன்ன சொல் தவறவில்லை. அன்னவாசலில் காரை விட்டு இறங்கி, தலையைக் குனிந்தபடியே நேராக நடந்து போய், அந்த கேட்டிலேயே 'ணங்'கென்று முட்டிக்கொண்டார். வலியில் நிமிர்ந்து பார்த்தார். என் குடி முழுகியது.

இரண்டு கதவு, கதவுக்கு ஒரு இரும்புக் கிளி. ஆனால் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளுக்கொரு தூண் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. என் மாமா அம்மாவின் காதில் ரகசியம் சொன்னார், தெருவுக்கே கேட்கும்படி. "கல்யாணம் பேசுற வீட்டுல சண்டை போட்ட கிளியா? எனக்கென்னமோ சரியாப் படலைக்கா."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. வரவேற்க வந்த மாப்பிள்ளையின் அப்பாவின் முகம் அதைவிட. சிங்கப்பூரில் வெல்டராக இருந்து வந்தவர், கேட்டைத் தன் கையாலேயே செய்திருந்தார். "முன்னாடி பொண்ணு வீட்டுக்காரங்க ஒருத்தங்களும் இதைச் சொல்லித்தாங்க திரும்பிப் போனாங்க" என்றார் மெதுவாக.

கேட் சார் நெற்றியைத் தடவிக்கொண்டே கீல் அருகில் குத்தவைத்தார். "எந்திரிங்க சார், மானம் போகுது" என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

"ஏங்க, இந்த ரெண்டாவது கதவைத் தெறக்குறதே இல்லையா?"

"பைக்கு போக ஒண்ணு போதும்னு விட்டாச்சுங்க."

துருவேறிய தாழ்ப்பாளை ஒரே இழுப்பாக இழுத்து, இரண்டு கதவையும் உள்பக்கம் தள்ளினார். "எல்லாரும் இங்கிட்டு, வாசல் நடுவுல வந்து நில்லுங்க."

நின்றோம். வலது தோளருகில் ஒன்று, இடது தோளருகில் ஒன்று. இரண்டு கிளிகளும் இப்போது தெருவைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன.

"மூடியிருந்தா ஆளுக்கொரு பக்கம் காவல். தெறந்தா, வர்றவங்களைப் பாத்து 'வாங்க'ன்னு சொல்லுது. சண்டையாவது மண்ணாவது!"

மாப்பிள்ளையின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதை நெனச்சுத்தாங்க செஞ்சேன். ஊரே சிரிச்சதுல வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு."

அம்மா மாமாவை நன்றாக ஒரு முறை முறைத்துவிட்டு, "பழத்தட்டை எடுத்துக்கிட்டு உள்ள வாடா" என்றார்.

தங்கை அந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள். கேட் சார் ரிட்டையராகி, மூட்டுவலியோடு வெளியூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஐந்தாவது மாடி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கேட் கிடையாது. அதை நினைத்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை.

போன வாரம் அன்னவாசல் தாண்டியதும் ஜன்னல் வழியே புதிதாக ஒரு கேட் தெரிந்தது. அன்னம் போட்டிருந்தது. "ஓல்டான்!" என்று கத்தியது யார் என்று பார்த்தால், நான்தான். இறங்கி, போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"கீலு தெரியலையேப்பா! ஒக்காந்து, பக்கவாட்டுல எடு."

குத்தவைத்தேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். "யாருங்க நீங்க? எந்த ஆபீஸு?"

"ஆபீஸெல்லாம் இல்லைங்க" என்றேன், எழுந்திருக்காமலே. "நான் கேட் சாரோட ஆளு."