அத்தான் ஜீப்பின் பின் அச்சும் மூன்று விடைகளும்

அன்புள்ள அத்தானுக்கு,

ஜூலை ஒன்பதாம் தேதி, மாலை நாலு மணி பத்து நிமிடம். உங்கள் ஜீப்பின் பின்சக்கரத்தை மூன்று தடவை சுற்றி எண்ணினேன். மூன்று விடை கிடைத்தது. மற்றபடி இங்கே யாவரும் நலம். சனிக்கிழமை நீங்கள் வந்து மலைக்கு அழைத்துப் போவீர்கள் என்று அக்கா பெட்டி கட்டிவிட்டாள். அங்கே உங்கள் நலத்தையும் மழை பிடித்துவிட்டதா என்பதையும் எழுதவும்.

நீங்கள் சொன்னபடியே பழைய பின் அச்சைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, அதே பழைய இரும்புக் கடையில் தடித்த அச்சு ஒன்று வாங்கி மாட்டினேன். மாட்டினால் போதாது. அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கிறதே, அதற்குள் இருக்கும் கியர் விகிதம் முன்பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்ததும் முன்சக்கரம் ஒரு வேகம் கேட்கும், பின்சக்கரம் ஒரு வேகம் கேட்கும், நடுவில் மாட்டிக்கொண்ட கியர்பெட்டி உடையும். அது மலை வளைவில் உடையும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பது என் அக்கா. அதனால்தான் எண்ணினேன்.

எண்ணுவது சுலபம். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால், கியர்பெட்டியிலிருந்து அச்சுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். உங்கள் ஜீப்பின் கையேட்டில் முன்பக்கம் நான்கு புள்ளி ஒன்று ஒன்று என்று இருக்கிறது. பின்பக்கமும் அதுவே வர வேண்டும். வலது சக்கரத்தை அப்பாவைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, இடது சக்கரத்தைச் சுற்றினேன். ஆறு சுற்றும் கொஞ்சமும் வந்தது. இப்படி ஒரு கியர் இந்த வண்டிக்குச் செய்யப்பட்டதே கிடையாது என்று கத்தினேன். மறுபடி சுற்றினேன். இரண்டு. ஒரே இரும்பு, ஒரே சக்கரம், ஐந்து நிமிட இடைவெளியில் விகிதம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் அது கியரா, பங்குச்சந்தையா? நேரே இரும்புக் கடைக்குப் போய், உள்ளே பல் நொறுங்கிய சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சண்டை போட்டேன். கடைக்காரர் எழுந்திருக்கக்கூட இல்லை. "தம்பி, பல்லு போயிருந்தா சத்தம் வரும். இப்ப உங்க சத்தம் மட்டும்தான் கேக்குது" என்றார்.

திரும்பி வந்து வலது பக்கம் எட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. முதல் தடவை நான் சிரமப்படுகிறேன் என்று அப்பாவும் தன் பக்கத்துச் சக்கரத்தை ஒரு சுற்று கூடவே சுற்றிக் கொடுத்திருக்கிறார். நான் கத்தியதும் பயந்துபோய், இரண்டாம் தடவை அதே ஒரு சுற்றைப் பின்னால் திருப்பி வைத்துவிட்டார்.

"பிடிச்சுக்கோங்கன்னுதானே சொன்னேன்?"

"சும்மா பிடிச்சிட்டு நிக்க நான் என்னடா தூணா? கூட வந்ததைக் கழிச்சாச்சு. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கு, உன் நாலு சொச்சம் வந்துடும்."

கூட்டிப் பாதியாக்கினேன். வந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அப்பாவை நகர்த்திவிட்டுச் சக்கரத்தைக் கயிற்றால் கட்டி மூன்றாம் தடவை எண்ணினேன்: நாலும் கொஞ்சமும். ஆக முன்னும் பின்னும் பொருந்துகிறது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; போய் நாலு போல்ட் வாங்கினேன், அவருக்குப் புரிந்திருக்கும். சனிக்கிழமை தைரியமாக வந்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பொறுப்பு என்னுடையது. அப்பாவும் அம்மாவும் உங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார்கள். விடை தன்னுடையது என்றும் அப்பா எழுதச் சொன்னார்.

தங்கள் அன்புள்ள,
மைத்துனன்

பி.கு.: மேலே சொன்ன எதையும் நம்பி வர வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும்போது அக்கா வந்து, "முன்பக்கம் எண்ணினியா, இல்ல படிச்சியா?" என்று கேட்டாள். கையேட்டைக் காட்டினேன். அவள் கையேட்டைப் பார்க்காமல் முன்சக்கரத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். முன்பக்கத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றினேன். முன் ஷாஃப்ட் அசையவே இல்லை, விடை பூஜ்யம். முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்ட மூடி இருக்கிறதே, வண்டியிலிருந்து இறங்கி அதைக் கையால் திருகினால்தான் சக்கரம் ஷாஃப்டோடு சேரும். உள்ளேயிருந்து லீவரை மட்டும் இழுத்தால் ஷாஃப்ட் தன் பாட்டுக்குச் சுற்றும், சக்கரம் வேடிக்கை பார்க்கும். ஆறு வருடம் முன்பு நீங்கள் வண்டி வாங்கியபோது அடித்த பச்சை பெயின்ட் அந்த மூடியின் இடுக்கில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. சுத்தியலால் தட்டித் திருகி மறுபடி எண்ணினேன்: நாலரைக்கும் மேல். வண்டியை உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ கியரை மாற்றியிருக்கிறார். இனி நான் செய்யப்போவது:

1. இரும்புக் கடைக்குப் போய், நான் எடைக்குப் போட்ட உங்கள் பழைய அச்சை வெட்டுவதற்குள் அங்கேயே வைத்து எண்ணுவேன். நாலரைக்கு மேல் வந்தால் அதன் கியரை இதில் மாற்றுவேன். இந்தத் தடவை மன்னிப்பும் கேட்பேன்.

2. அதுவரை வண்டியைத் தர மாட்டேன். சனிக்கிழமை நீங்களும் அக்காவும் மலைக்குப் பஸ்ஸில் போகவும்.

3. ஆறு வருடமாக மலையில் நாலு சக்கர இழுவையில் ஏறினேன், இறங்கினேன் என்று நீங்கள் சொன்ன கதைகளைப் பற்றி அக்காவிடம் வாயே திறக்க மாட்டேன். அவசியமில்லை. முன்பக்கம் எண்ணியபோது மறு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான்.